அமெரிக்கக் கல்லூரிகள் வீரர்களைத் தேடும் விதம்

மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்

“அமெரிக்காவிலே ஓடுகிற பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் படிக்க வைக்கிறார்களாமே, மெய்தானா?” என்று 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் என் தந்தையார் கேட்டார். நான் அப்போது பிளஸ் டூ மாணவன். மும்முறைத் தாண்டுதலில் குறுவட்டம், மாவட்டம் எல்லாம் கடந்து வந்திருந்தேன். “மெய்தான் அப்பா” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த அரைகுறை அறிவுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை இரண்டு கறவை மாடுகள்.

இப்போது என் தங்கை பிளஸ் ஒன் படிக்கிறாள். 400 மீட்டர் ஓடுகிறாள். அவளும் அதே கேள்வியைக் கேட்கிறாள். இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் பணித்தபோது, தங்கைக்குச் சொல்ல வேண்டியதையே எல்லோருக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நம் கல்லூரி மாணவர்களின் வீடுகளில் ஓடுகிற தம்பி தங்கைகள் பலர் இருப்பார்கள்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். படிப்பதற்கென்று உள்ள கல்லூரி, ஓடுகிறவனுக்கு ஏன் பணம் தர வேண்டும்? அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது மாலை நேரப் பொழுதுபோக்கு அன்று, பெரிய வாணிகம். அதன் தொடக்கமே அப்படித்தான். 1852இல் ஹார்வர்டு, யேல் மாணவர்கள் ஓர் ஏரியில் நடத்திய படகுப் போட்டியே அந்நாட்டின் முதல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்பர். அதற்குச் செலவு செய்தது ஒரு ரயில்வே கம்பெனி. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ரயிலில்தானே வர வேண்டும்! பின்னர் அவர்களுடைய கால்பந்தாட்டத்தில் மாணவர்கள் அடிபட்டு இறப்பது பெருகவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். அதன் விளைவாக 1906இல் ஒரு சங்கம் பிறந்தது. அதுவே இன்று என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1956 முதல் இச்சங்கம் விளையாட்டுத் திறமைக்காகவே உதவித்தொகை வழங்க இசைந்தது. 1972இல் வந்த ‘ஒன்பதாம் தலைப்பு’ என்னும் சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களை வேறுபடுத்தக் கூடாது என்றது. மகளிர் அணிகளும் மகளிருக்கான உதவித்தொகைகளும் அதன்பின் பெருகின. என் தங்கைக்கு இது முக்கியமான செய்தி.

இச்சங்கத்தில் சுமார் 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. முதற்பிரிவுக் கல்லூரிகளே நாம் தொலைக்காட்சியில் காண்பவை. இரண்டாம் பிரிவினரும் உதவித்தொகை தருவர், அளவு குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. படிப்புக்காகவும் குடும்ப வருமானத்தைக் கருதியும் தருவது மட்டுமே உண்டு. ஹார்வர்டு, யேல் முதலிய எட்டு ‘ஐவி’ பல்கலைக்கழகங்கள் முதற்பிரிவில் இருந்தாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. இச்சங்கத்துக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற சிறு சங்கமும், ஈராண்டுக் கல்லூரிகளின் சங்கமும் உண்டு. ‘அமெரிக்கக் கல்லூரியில் இடம்’ என்று யாரேனும் சொன்னால், எந்தச் சங்கம், எந்தப் பிரிவு என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

போட்டியும் எளிதன்று. அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடுவோர் கணக்கு சுமார் 80 லட்சம். இச்சங்கக் கல்லூரிகளில் ஆடுவோர் 5 லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களிலும் உதவித்தொகை பெறுவோர் ஒரு பகுதியினரே. அந்த உதவித்தொகையும் நாம் நினைக்கிற உதவித்தொகை அன்று.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முயன்ற காலத்தில் முதற்பிரிவு ஆடவர் தடகள அணி ஒன்றுக்கு ஆண்டுக்கு 12.6 உதவித்தொகைதான் வரம்பு. மகளிர் அணிக்கு 18. அணியிலோ முப்பது, நாற்பது பேர் இருப்பர். பன்னிரண்டரை இட்லியை நாற்பது பேர் பந்தியில் பிட்டுப் பரிமாறுவதுபோலத்தான். சிறந்தவனுக்கு முழு இட்லி, அடுத்தவனுக்குப் பாதி, கடைசி வரிசைக்கு வெறும் இலை. அப்படி இலை மட்டும் கிடைத்து அணியில் இருப்பவர்களும் பலர். அங்கே வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம், உணவு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் ஆகிவிடும். நம் பணத்தில் ஏறத்தாழ 35 லட்சம். பாதி உதவித்தொகை கிடைத்தது என்று ஊரெல்லாம் மாலை போட்டாலும், மீதிப் பாதியை யார் கட்டுவது? மாடு விற்றுக் கட்டக்கூடிய தொகையா அது?

மாட்டுக் கதைக்கு வருகிறேன். நகரத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒருவரிடம் உறவினர் ஒருவர் எங்களை அழைத்துச் சென்றார். சுவரெல்லாம் அமெரிக்கக் கல்லூரிகளின் கொடிகள். அவர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பிக்கு இடம் உறுதி” என்றார். முன்பணம் 60,000 ரூபாய். உதவித்தொகை கிடைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று ஒரு தாளில் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லூரி முத்திரை, பயிற்சியாளர் கையொப்பம், ‘உங்களை அழைப்பதில் மகிழ்கிறோம்’ என்ற வாசகம். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டார்.

அது கோடைப் பயிற்சி முகாமுக்கான அழைப்பு. முகாமுக்குக் கட்டணம் உண்டு. கல்லூரி நடத்தும் முகாமில் பணம் கட்டும் எவரும் சேரலாம் என்பது சங்கத்தின் விதி. முகாம் கட்டணம் பல பயிற்சியாளர்களுக்குத் துணை வருமானம். ஆகவே அழைப்புகள் ஆயிரக்கணக்கில் பறக்கும். அதில் என் பெயர் அச்சிடப்பட்டிருந்ததற்கு, அவர்களுடைய பட்டியலில் யாரோ என் பெயரைச் சேர்த்தார்கள் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இதை நான் உணர்ந்தபோது அந்த அலுவலகத்தில் வேறொரு கடை வந்துவிட்டது.

பிற்பாடு நூலகக் கணினியில் அச்சங்கத்தின் வழிகாட்டி நூலைத் தேடிப் படித்தபோது இன்னொன்று தெரிந்து உடம்பு சிலிர்த்தது. இடம் வாங்கித் தருவதற்காகவோ, கிடைக்கும் உதவித்தொகையில் பங்காகவோ இடைத்தரகருக்குப் பணம் தர ஒப்புக்கொண்டால் அந்த மாணவனின் தகுதியே போய்விடக்கூடும். வீடியோ எடுத்துத் தரவும், விவரங்களைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பவும் கூலி வாங்கலாம். இடத்துக்கு விலை பேசக் கூடாது. ஆக, அந்த மனிதர் நேர்மையாகவே எனக்கு இடம் வாங்கித் தந்திருந்தாலும், அப்பா போட்ட அந்தக் கையெழுத்தே எனக்கு எமனாகியிருக்கும்.

இத்தனைக்கும் தரகர் செய்யும் வேலையை மாணவனே செய்யலாம், செய்யவும் வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் முதற்பிரிவுப் பயிற்சியாளர், மாணவன் பத்தாம் வகுப்பை முடிக்கும் ஆண்டின் ஜூன் 15ஆம் நாளுக்கு முன் அவனுக்குத் தனிப்பட்ட கடிதம் எழுதவோ தொலைபேசியில் அழைக்கவோ கூடாது. ஆனால் மாணவன் பயிற்சியாளருக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். தடை ஒருபக்கம் மட்டுமே. இது தெரியாமல் ‘திறமை இருந்தால் தேடி வருவார்கள்’ என்று நம்மவர்கள் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குறுவட்டப் போட்டியைப் பார்க்கக் கான்சாஸிலிருந்து யார் வரப்போகிறார்கள்?

நான் எழுதினேன். 2022 நவம்பர் தொடங்கி நாற்பத்திரண்டு மின்னஞ்சல்கள். முதல் பத்தும் வீண். ‘நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன், சிறுவயது முதலே விளையாட்டில் ஆர்வம் உடையவன், மாவட்ட அளவில் முதற்பரிசு பெற்றவன்’ என்று விண்ணப்பக் கட்டுரையாக எழுதியிருந்தேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. நம் நாட்டில் சான்றிதழ் பேசும்; முதலிடமா, இரண்டாமிடமா என்று கேட்பார்கள். அங்கே மீட்டரும் நொடியும்தான் பேசும். மாவட்டத்தில் முதலிடம் என்பது அவர்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை. எத்தனை மீட்டர், எந்த நாளில், எந்தப் போட்டியில், காற்றின் வேகம் என்ன என்பதுதான் கேள்வி. தாண்டும் போட்டிகளில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் அந்த அளவைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் மாவட்டப் போட்டியில் காற்றளக்கும் கருவியே கிடையாது. இருந்தது ஒரு துணிக்கொடி. ஓட்டத்திலும் இப்படித்தான். கைக்கடிகாரத்தில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 நொடியும், 400 மீட்டருக்கு 0.14 நொடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். கூட்டாமல் அனுப்பினால், அவர்கள் கூட்டிக்கொள்வார்கள். நம்மைப் பற்றிய மதிப்பைச் சற்றுக் கழித்தும் கொள்வார்கள்.

பதினொன்றாம் கடிதத்திலிருந்து ஐந்தே வரிகள். முதல் வரியில் பிறந்த ஆண்டு, பள்ளி முடிக்கும் ஆண்டு, 14.38 மீட்டர். அடுத்து உயரம், எடை, மதிப்பெண், தாண்டும் வீடியோவுக்கு இணைப்பு. அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அணியினர் பட்டியலைப் பார்த்து, அங்குள்ள மும்முறைத் தாண்டுவோர் எவ்வளவு தாண்டுகிறார்கள், எவர் அவ்வாண்டு படிப்பை முடித்து வெளியேறுகிறார் என்று அறிந்துகொண்டு எழுதினேன். காலி இடம் இல்லாத வீட்டின் கதவைத் தட்டி என்ன பயன்?

மூன்று பதில்கள் வந்தன. முதலாவது, ‘எங்கள் படிவத்தை நிரப்புக’ என்ற பொதுப் பதில். இரண்டாமவர் மதிப்பெண் பட்டியல் கேட்டார். இங்கே ஒரு தனிக்கதை. முதற்பிரிவில் ஆட ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளி இறுதிவரை ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல் முதலியவற்றில் 16 முக்கியப் பாடங்களைப் படித்து, நான்கு புள்ளி அளவையில் 2.3க்குக் குறையாத சராசரி பெற்றிருக்க வேண்டும். இதைச் சங்கத்தின் தகுதி மையம் சான்றிதழ்களைப் பார்த்து முடிவு செய்யும். எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனையைச் சங்கம் 2023 ஜனவரியில் நீக்கிவிட்டது. ஆயினும் தனித்தனிக் கல்லூரிகள் கேட்கலாம். ஆங்கிலத் தேர்வு நமக்குப் பெரும்பாலும் உண்டு. சரி, என் ஒன்பதாம் வகுப்பு என்ன ஆயிற்று? 2020 மார்ச்சில் கொரோனாவால் ‘அனைவரும் தேர்ச்சி’. பத்தாம் வகுப்பு? 2021இல் தேர்வே இல்லை. சான்றிதழில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பெண்ணே இல்லை. இதை அந்தப் பயிற்சியாளருக்கு விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. எங்கள் தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதை அனுப்பிய பிறகு அவர் பதில் எழுதவில்லை.

மூன்றாமவரை நான் மறக்கமாட்டேன். பெயர் சொல்வது முறையன்று. “உன் வீடியோவைப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் முன்பக்கமாகச் சாய்கிறாய். 15 மீட்டரைக் கடந்தவர்களுக்கே என்னிடம் பணம் இருக்கிறது. உனக்கு இடம் தரலாம்; பணம் தர முடியாது. உன் குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு கட்ட முடியாதென்றால் வராதே” என்ற பொருளில் எழுதியிருந்தார். அறுபதாயிரம் வாங்கியவர் சொல்லாததை, ஒரு காசும் வாங்காதவர் ஆறு வரியில் சொல்லிவிட்டார். நானும் காலம் தாழ்ந்தே எழுதியிருந்தேன். அந்த நவம்பரிலேயே என் வயதினர் பலர் கையெழுத்திட்டு முடித்திருந்தனர்.

கையெழுத்து என்றேன். அதையும் விளக்க வேண்டும். பயிற்சியாளர் வாய்மொழியாக ‘உனக்கு இடம் உண்டு’ என்பதும், மாணவன் ‘வருகிறேன்’ என்பதும் எவரையும் கட்டுப்படுத்தா. பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் அவர் சொன்ன சொல்லும் அவரோடு போய்விடும். 1964 முதல் ‘தேசிய ஒப்புதல் கடிதம்’ என்ற ஒன்று இருந்தது. அதையும் 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது கட்டுப்படுத்துவது, கல்லூரி எழுதித் தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான். அதில் தொகை எவ்வளவு, ஓராண்டுக்கா பல ஆண்டுகளுக்கா, காயம் பட்டால் என்ன என்று படித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை ஊரில் விளம்பரத் தட்டி வைக்கக் கூடாது.

இந்த ‘விளையாட்டு வீரர்’ என்ற முத்திரைக்கு அங்கே எத்தனை மதிப்பு என்பதற்கு ஒரு சான்று. 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு ஒரு வழக்கை வெளியிட்டது. பெருஞ்செல்வர்கள் சிலர், ஒரு தரகர் வழியாகப் பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, ஆடவே தெரியாத தம் பிள்ளைகளை ஆட்டக்காரர்கள் என்று பட்டியலில் ஏற்றிப் பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்திருந்தார்கள். ஒரு தந்தையார் தம் மகனை வாட்டர் போலோ வீரன் என்று காட்ட, அதற்குரிய தொப்பி, பந்து எல்லாம் வாங்கித் தம் வீட்டு நீச்சல் குளத்தில் படம் எடுத்துத் திருத்தினாராம்! அந்தத் தரகருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறை. பணக்காரர்கள் பொய்யாக வாங்கத் துடித்த முத்திரை நம் பிள்ளைகளிடம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதை எங்கே காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

காட்டி வென்றவர்களும் நம்மில் உண்டு. சென்னையில் பள்ளிப் படிப்பு முடித்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரி டென்னிஸ் ஒற்றையர் பட்டம் வென்றார். தில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், 2017இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் கல்லூரிச் சாம்பியன் ஆனார். இருவருமே பெருநகரங்களில் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனித்தேன். ஆனால் கடிதம் எழுதப் பெருநகரம் வேண்டியதில்லை.

என் காலத்துக்கும் தங்கையின் காலத்துக்கும் இடையில் விதிகள் தலைகீழாக மாறிவிட்டன. 2025 ஜூன் 6ஆம் நாள் ஒரு பெரிய வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, அதில் சேர்ந்த முதற்பிரிவுக் கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு நீங்கியது. அதற்குப் பதிலாக அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. தடகளத்துக்கு ஆடவர் 45, மகளிர் 45. இட்லியை எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், இலைதான் நாற்பத்தைந்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணம் இருக்கும் கல்லூரிதான் சுடும். முன்பு வெறும் இலையாவது கிடைத்த பலருக்கு இனிப் பந்தியில் இடமே இல்லை. மேலும் 2018 முதல் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியல் கணினியில் வெளியாகிறது. பள்ளியிலிருந்து வரும் பதினேழு வயதுப் பெண்ணைவிட, ஈராண்டு ஓடிப் பழகிய இருபது வயதுக்காரியைப் பயிற்சியாளர் விரும்புவது இயல்புதானே. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்றானது; மாணவர் விசாவில் செல்லும் நம்மவர்க்கு வேலைக் கட்டுப்பாடுகள் காரணமாக அதில் பெரும்பகுதி எட்டாக்கனி.

இன்னொரு செய்தி, நம் கல்லூரி நண்பர்களுக்கு. உலகின் எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்தே முதற்பிரிவில் ஆடுவதற்கான ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பது அச்சங்கத்தின் நெடுங்கால விதி. விளையாட்டுப் பிரிவுச் சிறப்பு ஒதுக்கீட்டில் நான் இங்கே சேர்ந்த 2023ஆம் ஆண்டிலேயே என் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இங்கே நல்ல மணற்குழி இருக்கிறது. எங்கள் உடற்கல்வி இயக்குநர் என் இரண்டாம் கட்டச் சாய்வைத் திருத்திவிட்டார். சென்ற பருவத்தில் 14.91 தாண்டினேன்.

தங்கை தன் முதல் மின்னஞ்சலை எழுதி என்னிடம் காட்டினாள். ஐந்தே வரிகள். முதல் வரியில் 400 மீட்டர், 57.8 நொடி.

“கைக்கடிகாரமா, மின்னணுவா?” என்று கேட்டேன்.

“பி.டி. சார் கடிகாரம்தாண்ணே.”

பேனாவை எடுத்து 57.94 என்று திருத்தினாள். ‘கைக்கடிகார நேரத்திலிருந்து கணக்கிட்டது’ என்று பக்கத்தில் எழுதினாள். அடுத்த மாதம் மாநிலப் போட்டியில் மின்னணுக் கடிகாரம் வைப்பார்கள். அதுவரை அனுப்பாமல் வைத்திருக்கலாமா, இப்போதே அனுப்பலாமா என்று வீட்டில் விவாதம் நடந்தது. அப்பா கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டே, “அனுப்ப எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார்.

“ஒன்றும் ஆகாதப்பா” என்றாள் தங்கை.

“அப்படியானால் இப்போதே அனுப்பு” என்றார்.